விருந்தாளி மருமகளானால்...

ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் சுமார் 15 கிலோ மீட்டரில் தேவிபட்டினம் வந்துவிடுகிறது. சின்ன ஊர். ஆனால் அமாவாசை தினங்களில் அங்கே கால் வைக்க இடம் இராது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கடலுக்குள்ளேயே ஒன்பது கற்கள் நிற்கின்றன. இலங்கைக்கு அணை கட்டப் புறப்பட்ட ராமபிரான் நவக்கிரகங்களாகப் பிரதிஷ்டை செய்து பூஜித்தவை என்பது ஐதீகம். நவபாஷாணம் என்று பெயர். கற்கள் வரையில் நடந்து போக மேடைப் பாதை போட்டிருக்கிறார்கள். பாக் ஜலசந்திக் கரை ஆதலால் கடல் குளம் போலச் சாதுவாக இருக்கிறது. நவதானியத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது சுற்றுச் சுற்றுகிறவர்களுக்கு ஒன்பது விதமான வேண்டுதல்கள். கல்யாணம், குழந்தை, கோர்ட்டு வழக்கு, உத்தியோகம். உத்தியோகத்துக்கு அதிபதி சனீஸ்வரன் என்று ஜோசியர்கள் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் சம்பளத்தைப் பார்க்கும்போது அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது!

அங்கே ஒரு தாயாரையும் பெண்ணையும் சந்தித்தேன். வேண்டுதல் தாயாருடையது. "இவளுக்கு நிரந்தர உத்தியோகம் கிடைச்சா வந்து நவதானியம் போடறேன்னு வேண்டிக்கிட்டேம்மா. கிடைச்சிடுச்சு. நாலு மாசமாச்சு" என்றார் அந்த அம்மாள், முகமெல்லாம் மலர.

பெண்ணின் முகம் அவ்வளவாக மலரவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். எட்டு வருஷ காலம் கம்பெனிகளுக்கு ஆலோசகராக இருந்தவர். அவரே சொல்கிற பேச்சில் 'கன்சல்டன்ட்'. ஒரு கம்பெனிக்குக் கணக்குகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற யோசனை சொல்வார். மூன்று மாதம் கழித்து இன்னொரு கம்பெனி. நாள் கணக்கில் கட்டணம். இப்போது அந்தக் கம்பெனிகளில் ஒன்றே அவரை நிரந்தரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

"சந்தோஷமான விஷயம்தானே?" என்றேன்.

"சந்தோஷம்தான் அக்கா. ஆனா போன வருஷம் இதே ஆபீஸுக்கு நான் போனப்போ, வாசல் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போவாங்க. நான் சொன்னா உடனே நோட்டில் எழுதிக்குவாங்க. இப்ப அதே விஷயத்தை அதே ஆளுங்ககிட்ட அதே மேஜையில் சொல்றேன். 'பார்க்கலாம் மேடம்'ங்கிறாங்க" என்றார்.

தாயார் சிரித்தார். "அன்னைக்கு நீ விருந்தாளி. இன்னைக்கு நீ மருமக. அவ்வளவுதான்."

இதற்கு மேல் இந்த விஷயத்தைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குப் பட்டது. விருந்துக்கு வந்தவள் "ரசத்தில் பெருங்காயம் இன்னும் கொஞ்சம் போட்டால் பிரமாதமாக இருக்கும்" என்றால், "ஆகா, என்ன கைமணம் உள்ளவள்!" என்கிறோம். அதையே புது மருமகள் சொல்லிப் பார்க்கட்டும்! அதோடு விருந்தாளி யோசனை சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறாள். மருமகளோ அந்த ரசத்தை மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளே வைத்தாக வேண்டும். வைத்ததைச் சாப்பிட்டும் ஆக வேண்டும்.

இந்தக் கடற்கரைக்குக் 'கன்சல்டன்ட்' என்ற பெயர் புதிதாக இருக்கலாம். நிலைமை புதிதல்ல. இங்கே விசைப்படகில் போகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சியதில் படகுக்காரருக்கு இத்தனை, வேலையாட்களுக்கு இத்தனை என்று பங்கு. கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. இதில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த இரண்டு மாதத்துக்கு அரசாங்க நிவாரணத்தை நம்பியிருக்க வேண்டும். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து இவ்வளவு பேர் வளைகுடா நாடுகளுக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்டால், அதிகச் சம்பளம் என்பது பாதி விடை. மாதா மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வரும் என்பது மற்றொரு பாதி.

பெண்கள் விஷயத்திலும் ஓர் உதாரணம் உண்டு. மண்டபம் பக்கத்துக் கடலில் கடல்பாசி வளர்க்கிறார்கள். 'கப்பாபைகஸ்' என்று ஒரு ஜாதி. அதிலிருந்து எடுக்கும் 'காரகீனன்' என்ற பொருள்தான் ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்பதற்கு உதவுகிறது. மூங்கிலால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் தெப்பம் கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்து கடலில் மிதக்க விட்டால் 45 நாளில் அறுவடை. மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தின் முறையை வாங்கி, 2000ஆம் வருஷத்தை ஒட்டி இதை இங்கே வியாபாரமாகத் தொடங்கியது பெப்ஸி கம்பெனி. தெப்பம் பெண்களின் சுய உதவிக் குழுக்களுடையது. பாசியைக் கம்பெனி வாங்கிக்கொள்ளும். 2008-ல் பெப்ஸி விலகிக்கொண்டு வேறொரு கம்பெனியிடம் ஒப்படைத்தது. 2013-க்குப் பிறகு பயிர் பெருமளவில் அழிந்துபோனபோது, அந்த நஷ்டம் யாருடையது? சம்பளச் சிப்பந்தியாக இருந்தால் கம்பெனியுடையது. தெப்பம் சொந்தமானதால் நஷ்டமும் சொந்தம். நல்ல வருஷத்தில் வந்த லாபமும் அப்படித்தான் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

பெப்ஸி என்றதும் உங்களில் பலருக்கு ஒரு சென்னைப் பெண்மணியின் ஞாபகம் வந்திருக்கும். இந்திரா நூயி. அவருக்கும் மண்டபத்துக் கடல்பாசிக்கும் நேர்த் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விருந்தாளி மருமகளான கதைக்கு அவரை விட நல்ல உதாரணம் நம் தமிழ்ப் பெண்களில் கிடையாது.

1955-ல் சென்னையில் பிறந்தவர். தியாகராய நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி, தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரி, கல்கத்தா நிர்வாகக் கல்லூரி, அப்புறம் அமெரிக்காவில் யேல். 1980-ல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற பெயர் பெற்ற ஆலோசனை நிறுவனத்தின் சிகாகோ காரியாலயத்தில் சேர்ந்தார். ஆறு வருஷம் ஊர் ஊராக, கம்பெனி கம்பெனியாகப் பிரயாணம். குளிர்சாதன யந்திரம் செய்கிறவர்களுக்கு ஒரு யோசனை. வேறொரு சரக்கு விற்கிறவர்களுக்கு இன்னொரு யோசனை. இடையில் தகப்பனார் புற்றுநோயால் படுத்தபோது அந்த நிறுவனமே சம்பளத்துடன் ஆறு மாதம் லீவு கொடுத்தது. 1984-ல் முதல் குழந்தை. 1986-ல் மோசமான கார் விபத்து. பல மாதம் படுக்கை. அதே வருஷம்தான் அவர் ஆலோசனைத் தொழிலை விட்டு மோட்டரோலா கம்பெனியில் நிரந்தர உத்தியோகத்துக்குப் போனார்.

போன இடத்தில் அவருக்குக் கிடைத்தது மோட்டார் வண்டிகளுக்கான மின்னணுக் கருவிகள் செய்கிற பிரிவு. ஆலோசகராக இருந்தவரையில், "உங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும், கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை" என்று இருந்துவிடலாம். உள்ளே வந்த பிறகு அப்படி இருக்க முடியுமா? இவர் என்ன செய்தார் தெரியுமா? கல்லூரி ஆசிரியர்கள் இருவரை அமர்த்திக் காரியாலயத்துக்கே வரவழைத்தார். கார் எப்படி ஓடுகிறது என்று ஒருவரிடமும், மின்னணுப் பொருள்களின் பௌதிகத்தை மற்றவரிடமும் பாடம் கேட்டார். முப்பது வயதைத் தாண்டிய, யேலில் பட்டம் பெற்ற, ஒரு குழந்தைக்குத் தாயான பெண்மணி! கௌரவம் பார்த்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிறகு 1990-ல் ஏ.பி.பி. என்ற ஐரோப்பியக் கம்பெனி, 1994-ல் பெப்ஸி. அங்கே திட்டமிடும் இலாகாவின் தலைவி. பீட்ஸா ஹட், கே.எப்.சி. முதலிய ஓட்டல்கள் அப்போது பெப்ஸியின் கையில் இருந்தன. அவற்றைத் தனியே பிரித்துவிடுவதே நல்லது என்று முடிவாகி, 1997-ல் பிரித்தும் விட்டார்கள். யோசித்துப் பாருங்கள். ஆலோசகராக இருந்தால் 'பிரித்துவிடுங்கள்' என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்து, கட்டணத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியிருப்பார். இங்கே பிரித்த பிறகு மிஞ்சியிருந்த வீட்டில் அவரே குடியிருந்து, அதை நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. 1998-ல் டிராபிகானா, 2001-ல் குவாக்கர் ஓட்ஸ் என்று புதிய சரக்குகள் வந்து சேர்ந்தன. 2006-ல் அவரே தலைமை நிர்வாகியானார். 2018 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஆறு வருஷம் ஆலோசகர். ஒரே கம்பெனியில் இருபத்து நாலு வருஷம் உத்தியோகஸ்தர்.

வீட்டில் என்ன நடந்தது என்பதை அவரே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கம்பெனியில் பெரிய பதவி கிடைத்த இரவு வீடு திரும்பினால், தாயார் "முதலில் பால் வாங்கி வா" என்று அனுப்பினாராம். மாப்பிள்ளை முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார், அவரிடம் சொல்லவில்லை. கிரீடத்தைக் கார் ஷெட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வா என்ற பொருளில் ஒரு புத்திமதி வேறு. 2014-ல் அவர் இதைச் சொன்னபோது உலகமே ரசித்தது. எனக்கு இதில் கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. மாப்பிள்ளை களைத்திருந்தார் என்றால் பெண் மட்டும் களைத்திருக்க மாட்டாளா?

தேவிபட்டினத்தில் பார்த்த சகோதரிக்கும் வீட்டுப் பிரச்னைதான் முதலில் வந்தது. ஆலோசகராக இருந்தபோது வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. 'வீட்டில்தானே இருக்கிறாள்' என்று காஸ் சிலிண்டர்காரனுக்குக் கதவு திறப்பது முதல் நாத்தனார் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது வரை எல்லாம் இவர் தலையில். இப்போது காலை 9 மணிக்குப் போனால் இரவு 7 மணி. மாமியார் முதல் மாதம் முகம் சுளித்தார். இரண்டாம் மாதம் சம்பளம் சரியாகக் கடைசித் தேதியில் வந்ததும் சுளிப்புக் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டில் பெருமை பேச ஆரம்பித்தார். "இத்தனை நாள் நான் சம்பாதிச்சது அவங்களுக்குச் சம்பாத்தியமாவே தெரியல, அக்கா" என்றார் இவர்.

காரியாலயத்தில்தான் கஷ்டம். முன்பு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை இருந்தது. இன்றைக்கு உழைத்தேன், இவ்வளவு என்று சாயந்திரம் கணக்குச் சொல்லிவிடலாம். இப்போது ஒரு நாள் முழுக்கக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால், 'இன்று என்ன செய்தேன்?' என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பழைய ஆட்களுக்கு இவர் மேல் ஒரு சந்தேகம் வேறு: 'போன வருஷம் வந்து நம் வேலையைக் குறை சொன்னவள்தானே!' இதற்கிடையில் பழைய வாடிக்கைக் கம்பெனி ஒன்று மறுபடி கூப்பிடுகிறது. நாளைக்கு இத்தனை ரூபாய் என்று ஆசை காட்டுகிறது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். அது முடிவதற்குள் தீர்மானம் செய்ய வேண்டும். தாயாருக்கு இது தெரியாது. வேண்டுதல் நிறைவேறிவிட்டது என்று அவர் கடலில் நவதானியம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்டேன்: "நிரந்தர வேலைக்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள்?"

"இரண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஆபரேஷன். ஒன்றரை மாசம் படுத்திருந்தேன். ஒரு பைசா வரல. அப்ப முடிவு பண்ணினேன்."

பின்னே இதைத்தான் தராசில் வைக்க வேண்டும். 'பார்க்கலாம் மேடம்' என்பதை அல்ல. அவர் மடியில் வைத்திருந்த நோட்டுப் புத்தகத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தோம். இதே நிலையில் உள்ள சகோதரிகளுக்கும் உபயோகப்படலாம்.

மாதம் 1 லட்சம் ஆலோசனைக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி நூற்றுக்குப் பத்து வரியாகப் பிடித்துக்கொண்டு 90,000 ரூபாய் தரும். வருஷ முடிவில் கணக்குக் காட்டி, வரி இல்லையென்றால் அந்தப் பிடித்தம் திரும்பி வரும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேறு. இப்போது அதே 1 லட்சத்துக்கு நிரந்தர உத்தியோகம். நியமன உத்தரவில் சி.டி.சி. என்று போட்டிருப்பார்களே, கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு, அதைச் சம்பளம் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் பாதி, அதாவது 50,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் என்றால், கம்பெனி செலுத்தும் பிராவிடண்ட் பண்டு 12 சதவிகிதம், 6,000 ரூபாய், அதற்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்கென்று சுமார் 2,400 ரூபாயும் அடக்கம். உங்கள் பங்கு 6,000 ரூபாயையும் பிடித்தால் கைக்கு வருவது சுமார் 85,600 ரூபாய். வருமான வரி? 2025-26 நிதியாண்டுக் கணக்கில், புதிய வரி முறையில், சம்பளக்காரருக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி கிடையாது.

"பார்த்தீங்களா, குறைஞ்சுதானே போச்சு!" என்றார்.

குறைந்ததா? மாதம் 12,000 ரூபாய் வைப்பு நிதிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வேலையில்லாத நாளுக்கும் லீவு நாளுக்கும் சம்பளம் உண்டு. பணம் எப்போது வரும் என்று கணக்கு இலாகாவுக்குப் போன் செய்து கெஞ்ச வேண்டியதில்லை. அவருடைய பழைய நோட்டைப் புரட்டினோம். போன வருஷம் பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதத்துக்குத்தான் கட்டணம் வந்திருந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்ததும் அவர் பேசாமல் இருந்தார். கிராஜுவிட்டி விஷயம் மட்டும் ஜாக்கிரதை: நிரந்தரச் சிப்பந்திக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான். முன்னாலேயே விலகினால் அந்த 2,400 ரூபாயெல்லாம் காகிதத்தில் எழுதிய சர்க்கரைதான்.

பெண்களுக்கு இன்னொன்று உண்டு. 1961-ல் வந்த பிரசவ கால உதவிச் சட்டம், 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் லீவு என்று ஆகியது. முந்தின பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். ஆனால் சிப்பந்தியாக இருக்க வேண்டும். ஆலோசகருக்கு இது கிடையாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்ற ஒரு வரிக் கடிதம்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'கன்சல்டன்ட்' என்று பெயர் வைத்துவிட்டதாலேயே ஒருவர் ஆலோசகர் ஆகிவிட மாட்டார். தினம் 9 மணிக்கு வந்து, கம்பெனி மேஜையில் கம்பெனி சொன்ன வேலையைச் செய்து, லீவுக்கு அனுமதி கேட்டு நிற்கிற எத்தனையோ பெண்களை இன்றைக்கும் 'ஆலோசகர்' என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இது பழைய வழக்கு. சௌராஷ்டிரத்து உப்பளங்களில் 'அகரியா' என்ற உப்பு விளைவிக்கும் ஜனங்கள், மணங்குக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினார்கள். நேரக் கட்டாயம் இல்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். 'இவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்ல, தனிக் காண்டிராக்டர்கள்' என்றது தாராங்கதரா கெமிக்கல் கம்பெனி. 1956-ல் சுப்ரீம் கோர்ட், வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கவும் கட்டுப்படுத்தவும் கம்பெனிக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்து, அவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்புச் சொன்னது. 1973-ல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கிலும் அப்படியே. துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிய தையற்காரர்கள். தையல் மெஷின் கடைக்காரருடையது. தைத்தது பிடிக்காவிட்டால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரருடையது. ஆகவே அவர்கள் சிப்பந்திகள் என்று கோர்ட் சொல்லிவிட்டது. உங்கள் தையலைப் பிரித்துத் தைக்கச் சொல்கிறவர் இருக்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சகோதரியின் விஷயம் வேறு. அவர் மெய்யாகவே ஆலோசகராக இருந்தவர். சுதந்திரமாக இருந்தவர். நாள் கூலியை அவர் விடத் தயார். அந்தச் சுதந்திரத்தை விடத்தான் மனமில்லை. "எனக்குப் பிடிக்காத கம்பெனியை நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன், அக்கா. ரெண்டு தடவை" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த மிடுக்கு, சம்பளத்தைப் பற்றிப் பேசியபோது இல்லை. இதற்குப் பிராவிடண்ட் பண்டில் ஈடு கிடையாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறு மாதம் முடியும்வரை எந்தத் தீர்மானமும் செய்வதில்லை என்றும், அதற்குள் அந்தக் கம்பெனியின் கிடங்கில் சரக்கு எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதை ஒரு பழைய குமாஸ்தாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். ஆலோசகராக எழுதிய அறிக்கையில் கிடங்கைப் பற்றி முழுசாக நாலு பக்கம் எழுதியிருந்தாராம். கிடங்குக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லையாம். "உள்ளே போய்ப் பார்த்தா, நான் எழுதினதில் பாதி நடக்காது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் குமாஸ்தா இப்போதெல்லாம் 'பார்க்கலாம் மேடம்' என்பதில்லை. 'வாங்கம்மா, காட்டறேன்' என்கிறாராம்.

வேலை மாறும் வருஷத்தில் செய்ய வேண்டிய சில்லறைக் காரியங்கள் உண்டு. ஏப்ரலிலிருந்து வாங்கிய கட்டணத்தைப் புதுக் காரியாலயத்தின் கணக்கு இலாகாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வருஷக் கடைசியில் வரி பாக்கி, வட்டி என்று திகைக்க வேண்டாம். விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பாருங்கள். 90 நாள் என்று போடுகிறவர்கள் அதிகம். முன்பு எப்போதோ உத்தியோகம் பார்த்திருந்தால் பழைய பிராவிடண்ட் பண்டு நம்பர் எங்கேயாவது பெட்டியில் கிடக்கும். தேடி எடுத்துப் புதியதோடு சேர்க்கச் சொல்லுங்கள். அதில் வாரிசாக யார் பெயரை எழுதினீர்கள் என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்தது கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.